டீயோடு வரும் மாத்திரை

டாக்டர் அம்மா கேட்டது சாதாரணக் கேள்விதான். இந்த வலி மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். என் அம்மா சொன்ன பதிலும் அவளைப் பொறுத்தவரை சாதாரணப் பதில்தான்.

"யாரும் எழுதல மேடம். டீயோட வரும்."

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், முதுகுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்போது, எங்கள் ஊர் நடவுக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? அன்றைக்கு விழுங்கிய பதில் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால் இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. இடுப்பு மட்டும்தான் உண்டு. பிள்ளைகள் நாங்கள் எப்படியோ படித்துவிட்டோம். அண்ணன் செந்தமிழன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். நான் மோனிகா, செஞ்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆனால் எங்கள் அம்மாக்கள் இன்னும் குனிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குனிகிறவர்களுக்கெல்லாம் தலைவி என் அம்மா அமிர்தவல்லி. நடவோ, களையெடுப்போ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவதோ, எது வந்தாலும் நிலத்துக்காரர்கள் முதலில் அவளைத் தேடித்தான் வருவார்கள். ஆள் சேர்ப்பது, எப்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்று பேசி முடிப்பது எல்லாம் அவள்தான். பேசும்போது அவளுக்குக் குரலே உயராது. எங்கள் வீட்டில் கத்துகிற வேலை என்னுடையது.

அந்தப் பேச்சில் கூலியோடு பதினொரு மணி டீயும் சேர்த்தி. டீயோடு ஒரு பன்னோ போண்டாவோ வரும். அதோடு ஆளுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை வரும். கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி, எங்கள் பக்கத்தில் டீ முடிந்ததும் மாத்திரை. கொடுக்காதவனுக்குக் கஞ்சன் என்று பெயர் ஆகிவிடும். அடுத்த முறை அவன் நிலத்தில் இறங்க ஆள் யோசிக்கும்.

இந்த வழக்கத்தை நிலத்துக்காரர்கள் கொண்டுவரவில்லை. என் அம்மாதான் கொண்டுவந்தாள். பல வருஷத்துக்கு முன்னால், நடவின் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களைப் பார்த்து ஒரு நிலத்துக்காரர் கிண்டல் பண்ணியிருக்கிறார். அப்படியானால் வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் நாங்கள் ஏறுகிறோம் என்று அம்மா வரப்பில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அதை அவள் பெருமையாகச் சொல்லுவாள். சும்மா கிடைத்ததா, பேசி வாங்கிய உரிமை. அந்த உரிமை அவள் உடம்பை என்ன செய்தது என்று நினைத்தால், யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எல்லோரையும் திட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடவு நடுகிற பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரில்தான் நிற்பார்கள், ஆனால் ஒரு வாய் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். எங்கே போவது? ஒரு பக்கம் ரோடு. பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஜன்னலோரம். இன்னொரு பக்கம் மோட்டார் கொட்டாய். அங்கே டிராக்டர்காரரும் நாற்று சுமக்கிற ஆண்களும். மறைவுக்கு ஒரு புதர் இல்லை. மலை வேண்டுமானால் மூன்று இருக்கிறது, கோட்டையோடு, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில். அதனால் வீட்டில் புறப்படும்போதே நாக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். மாத்திரையை விழுங்குவதற்குக்கூட அந்த அரை டம்ளர் டீதான். வறண்ட உடம்பு, உச்சி வெயில், மாத்திரை. வேலைக் காலத்தில் இது தினப்படி நடக்கும். சாயங்காலம் வலி திரும்பி வந்தால் வீட்டில் இன்னொன்று.

போன தை மாதம் கழிந்ததும் அம்மாவின் முகம் உப்ப ஆரம்பித்தது. எதிர்வீட்டுத் தைலம்மாள் அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள். அம்மாவோடு சேர்ந்து நடுகிறவள், வாய் கொஞ்சம் நீளம். மகள் டீச்சராகிவிட்டாள், அம்மாவுக்கு முகத்தில் சதை வைத்துவிட்டது என்று தெருவுக்கே சொன்னாள். தெருவும் அதையே திருப்பிச் சொன்னது. எங்கள் தெருவில் கன்னம் உப்பினால் நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பரம்பரை பரம்பரையாக ஒட்டிய கன்னத்தையே பார்த்த கண்கள், வீக்கத்தையும் செழிப்பையும் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? அம்மாவுக்கும் உள்ளூரச் சந்தோஷம். கொலுசு காலை இறுக்கியபோது சோப்புப் போட்டுக் கழற்றி, நீயே போட்டுக்கொள் என்று என்னிடம் கொடுத்தாள். பிறகு காலையில் குமட்டல் வந்தது. சோறு பிடிக்கவில்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. மூத்திரத்தில் நுரை போவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோதுதான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

டாக்டர், என் அம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். நடவில் நாற்றை ஊன்றிவிட்டு விரலை எடுத்தால் சேற்றில் பள்ளம் நிற்கும். அதே மாதிரி நின்றது. அது மூடும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் மூடவில்லை.

இரண்டு கிட்னியும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டன என்றார். எப்போதாவது ஒன்று போட்டிருந்தால் பரவாயில்லை, வருஷக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நின்றுகொண்டு போட்டது வேலையைக் காட்டிவிட்டது. இப்போதே அடியோடு நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றி வைக்கலாம்.

"இன்னும் ஒரு சீசன் இதே மாதிரி போச்சுன்னா மெஷின்தான். வாரம் தவறாம வந்து ரத்தத்தச் சுத்தம் பண்ணணும், காலம் பூரா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டதை வாங்கி விழுங்குவதற்கு முன்னால் ஒரு அறிவு வேண்டாமா, தண்ணீராவது குடித்திருக்கக் கூடாதா என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை போல நின்றாள். ஐம்பது பெண்களை ஒரு பார்வையில் நடவில் நேராக நிறுத்துகிறவள், அங்கே முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. குடித்தால் எங்கே மேடம் போவது என்று கேட்டேன். டாக்டருக்கு அதுவும் புரியவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு காரணம். உப்பு கூடிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா, எங்கள் நைனா, கருவாடு வாங்குவதை நிறுத்தினார். அண்ணன் போனில், நீ கூடவேதானே இருக்கிறாய், கவனிக்க மாட்டாயா என்று கேட்டான். அவன் கம்பெனிக்கு லீவு கிடையாதாம், அதனால் கேள்வி கேட்பதோடு அவன் வேலை முடிந்தது. தைலம்மாள் அத்தை கண் பட்டுவிட்டது என்றாள். கண் வைத்ததே அவள்தான். மாத்திரை என்று நான் சொன்னால் மட்டும் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும்தான் போடுகிறார்கள், எல்லாருக்குமா வந்துவிட்டது என்றார் நைனா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தாயா என்று நான் கத்தினேன். அம்மா மட்டும், நான் நிறுத்திவிட்டேன், விடு என்றாள். நானும் நம்பினேன்.

இனி கனகராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிக் கடைவீதியில் மெடிக்கல் வைத்திருக்கிறார். பரம்பரையாகக் கடைவீதியில் வியாபாரம் பண்ணுகிற குடும்பம். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ரோட்டோர நிலம் வாங்கி, கிணறு வெட்டி மோட்டார் போட்டார். மற்ற நிலத்துக்காரர்கள் மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுப்பார்கள். இவர் சொந்தக் கடையிலிருந்து பெட்டியோடு கொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுவார். அதனால் அவர் தங்கமான மனுஷன். அம்மா அப்படித்தான் சொல்லுவாள், எங்கள் தெருவும் அப்படித்தான் சொல்லும்.

டாக்டர் எழுதிய மருந்தை வாங்க ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடைக்குத்தான் போனேன். அவர் இல்லை. கல்லாவில் அவர் மனைவி ஞானம்பாள் இருந்தார். அவருடைய பேத்தி யுவஸ்ரீ என் வகுப்பில் படிக்கிறாள். அந்த வகையில் என்னை யுவஸ்ரீ மிஸ் என்று தெரியும். யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. வாங்க மிஸ் என்று உள்ளே கூப்பிட்டு, தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். முட்டியில் பட்டைத்துணி சுற்றியிருந்தார். தைல வாசனை கடை முழுக்க அடித்தது. முட்டிவலி உயிரை எடுக்கிறது என்றார். எனக்கு அப்போது எந்தத் திட்டமும் இல்லை. கடை நிறைய மாத்திரையை வைத்துக்கொண்டு ஏன் அவஸ்தைப்படுகிறீர்கள், ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அய்யய்ய, அதெல்லாம் எங்க வீட்டுல தொடவே கூடாது மிஸ். வயித்தப் புண்ணாக்கிடும், கிட்னிய அடிச்சிடும்னு அவரு என்னைக் கிட்டயே விட மாட்டாரு. ஒத்தடம் குடு, ரெண்டு நாளு மாடிப்படி ஏறாத, சரியாப் போயிடும்பாரு."

அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் அந்த மஞ்சள் மாத்திரைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்படியானால் இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன்.

"காட்டு வேலைக்குப் போறவங்களுக்குத்தான். அவங்களுக்கெல்லாம் கெட்டி உடம்பு மிஸ், தாங்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. தெரியாமல் கொடுத்தார்கள் என்றால், அறியாத பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்திருக்கிறது. பெண்டாட்டி முட்டிக்கு ஆகாது என்று தெரிந்த ஆளுக்கு, என் அம்மா இடுப்புக்கு மட்டும் எப்படி ஆகும் என்று தோன்றியது? நான் அமிர்தவல்லி மகள் என்றேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"நம்ம நெலத்துக்கு வர்ற அமிர்தமா?"

ஆமாம், இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் வீட்டு மாத்திரைதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு, பாவம் என்றார். நான் மருந்தை வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். இந்த இடத்திலிருந்து கனகராஜை அவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா அந்த ஆளை மொதலாளி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள், அந்த ஒரே காரணத்துக்காக எழுதுகிறேன்.

வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒரு மூச்சில் கொட்டினேன். அந்தம்மாவே சொன்னார்களா என்று கேட்டாள். கெட்டி உடம்பு என்றா சொன்னார்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். திரும்பவும் முறத்தில் கையை வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முறத்தைத் தட்டிவிடலாம் போலிருந்தது. உனக்குக் கோபமே வராதா, உன் உடம்புதானே என்று கேட்டேன். புதன்கிழமை மொதலாளி நிலத்தில் நடவு இருக்கிறது, வாக்கு கொடுத்தாயிற்று, நான் குனியாமல் வரப்பில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன்.

சித்திரை வெயில். முந்தின சாயங்காலம் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி, உழுது சேடை ஓட்டிய சேற்றில் அங்கங்கே வீசி வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக இறங்கி நட்டுக்கொண்டு வந்தார்கள். பதினொரு மணிக்குக் கனகராஜின் ஸ்கூட்டர் வந்தது. முன்னால் டீ கேன், கொக்கியில் பை. உடம்பு எப்படி இருக்கிறது அமிர்தம், கேள்விப்பட்டேன் என்று விசாரித்தார். மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டாயாமே, ரொம்ப நல்லது, நிறுத்தத்தான் வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி என் அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அந்த ஆளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

பெண்கள் கரையேறி வந்து, சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்கள். அம்மா கொடுக்கவில்லை.

"மொதலாளி, இது ஞானம்பாம்மாவுக்கு ஆவாதாமே" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அது வயசான உடம்பு, வீட்டுக்குள்ளேயே இருக்கிற உடம்பு, உங்களுடையது உழைக்கிற உடம்பு இல்லையா என்றார்.

அம்மா வரப்பில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் தன் காலை அழுத்திவிட்டு எடுத்தாள். பள்ளம் விழுந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள். தைலம்மாள் அத்தை குனிந்து பார்த்தாள். சதை வைத்துவிட்டது என்று தெருவுக்கே சொன்ன வாய் மூடிக்கொண்டது. பிறகு அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து அதே மஞ்சள் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தாள். பாதி காலியாக இருந்தது. நிறுத்திவிட்டேன் என்று என்னிடம் சொன்னது பொய். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அட்டையைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கொண்டுபோய் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தாள்.

"அப்ப இடுப்பு வலிக்கு இன்னா பண்றது அமிர்தம்? நீ கரையில நிக்கற. நாங்க இல்ல சாயந்தரம் வரைக்கும் குனியணும்?"

கேட்டது தைலம்மாள் அத்தை. நியாயமான கேள்வி. மாத்திரை கெடுதல் என்று டாக்டர் சொல்லலாம், நான் சொல்லலாம். குனிகிறவள் இடுப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் என்ன வைத்திருக்கிறோம்? மற்ற பெண்களும் முணுமுணுத்தார்கள். கனகராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தாயா, கேட்கிறவர்களே அவர்கள்தான் என்று என்னிடம் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். எப்போதும் கூலி பேசுகிற அதே குரல்தான்.

"ஆளு கூட எறக்குங்க மொதலாளி, குனியற நேரம் கொறையும். மதியம் படுத்து எந்திரிக்க உடுங்க. குடிக்கத் தண்ணி வையுங்க. கொட்டாயிக்குப் பின்னால தார்ப்பாய் கட்டி ஒரு மறப்பு குடுங்க, பொம்பளைங்க போவறதுக்கு."

ஊரில் இல்லாத வழக்கமாக இருக்கிறதே என்றார் அவர்.

"மாத்திரையும் ஊர்ல இல்லாத வழக்கந்தான். நாந்தான் கேட்டு வாங்கினேன். இப்ப நாந்தான் வேணாங்கறேன்."

பிறகு தைலம்மாள் அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கால் சேற்றோடு அம்மா பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நாற்று முடிகள் சேற்றில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பறித்த நாற்று காத்திருக்காது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வரப்பில் இப்படியும் அப்படியும் நடந்தார். யாருக்கோ போன் பண்ணினார். வேறு ஆள் அன்றைக்கு எங்கே கிடைக்கும்? நாற்றின் நுனி துவள ஆரம்பித்ததும், கொட்டாயில் மல்லாட்டை காய வைக்கிற தார்ப்பாய் கிடக்கிறது, எடுத்துக் கட்டு என்று டிராக்டர்காரரிடம் எரிந்து விழுந்தார். தண்ணீர் கேன் கடையிலிருந்து வந்தது. மதியம் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளவும் தலையாட்டினார். ஆள் கூட்டுவதை மட்டும் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

தார்ப்பாய் மறைப்புக்குள் முதலில் போனது தைலம்மாள் அத்தைதான். வெளியே வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். ஒரு தார்ப்பாய். மல்லாட்டைக்குக் கிடைத்த தார்ப்பாய், இத்தனை வருஷமாகப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அந்தப் பொய்க்காக அம்மாவை நன்றாகத் திட்டினேன். ராத்திரியில் கால் பிய்ந்து போகிற மாதிரி வலிக்கிறது, நீ தூங்கின பிறகு போட்டேன் என்றாள். அதன் பிறகு அவள் போடவில்லை. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் வலியில் அவள் புரளுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒத்தடம் கொடுத்தேன். ஞானம்பாளுக்கு அவர் வீட்டுக்காரர் சொன்ன அதே ஒத்தடம்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கனகராஜ் எங்கள் தெருப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். கிணற்றுக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் நடவு வந்தபோது அம்மாவிடம் ஆள் கேட்கவில்லை. யாரையும் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

மறுபடி ரத்தம் பார்க்க விழுப்புரம் வரச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை நின்ற பிறகு மிச்சம் நிற்கிறதா, இல்லை மெஷின்தானா என்று அன்றைக்குத்தான் தெரியும். காலையில் கிளம்பலாம் என்றால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. தலை காட்டிவிட்டு வந்து புறப்படப் பத்தரை ஆகிவிட்டது. செஞ்சி போகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டி கனகராஜ் நிலம் வந்தது. நிலம் முழுக்கக் குனிந்த முதுகுகள். ஒன்றுகூட எங்கள் தெரு முதுகு இல்லை. ரோட்டோரம் ஒரு வேன் நின்றது. எங்கிருந்தோ ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வரப்பில் ஸ்கூட்டர், டீ கேன். தார்ப்பாயைக் காணோம்.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லு" என்றாள் அம்மா.

நான் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தேன். லேப் மூடிவிடுவார்கள், இன்றைக்கு ரத்தம் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் ஆகிவிடும், முதலில் உன் உயிரைப் பார் என்று கெஞ்சினேன்.

"ரத்தம் எங்க போவுது, ஒடம்புலதான் இருக்கும். அடுத்த பஸ்ல போலாம்."

அவளே எழுந்து கம்பியைத் தட்டிவிட்டாள். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் ஊதினார். இறங்கினதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வீங்கின காலோடு வரப்பில் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கனகராஜ் கையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முன்னால் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களைப் பார்த்ததும், உங்களுக்கு இங்கே என்ன வேலை அமிர்தம் என்றார்.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்த வரிசையில் ஒரு இளம்பெண் இருந்தாள், என்னைவிட ஒரு வயது கூடவோ குறையவோ இருக்கும். பார்க்க லட்சணமான முகம். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அவள் ஊரிலும் யாராவது சதை வைத்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். அம்மா அவள் பெயரைக் கேட்கவில்லை. கையைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்து, காலில் சேற்றை வழித்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

அம்மா எழுந்து கனகராஜைப் பார்த்தாள்.

"இதுவும் கெட்டி ஒடம்பா மொதலாளி?"

ரோட்டில் நின்ற வேன் டிரைவர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். என் அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.